எந்த டிஸ்க்குகள் சேர்ந்தே விழும்? ஃபெயிலியர் குரூப் பற்றி ஓர் எளிய விளக்கம்

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆரக்கிள் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். அங்கே இரண்டு ஸ்டோரேஜ் பெட்டிகள் இருந்தன. பராமரிப்புக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றில் ஒன்றை அணைக்க வேண்டியிருந்தது. தரவு எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் இருக்கிறது, ஒரு பெட்டி போனாலும் இன்னொன்று தாங்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் தரவுத்தளத்தை நிறுத்தாமலே பெட்டியை அணைக்கச் சொன்னோம்.

அணைத்துச் சில நொடிகள்கூட ஆகியிருக்காது, தரவுத்தளம் நின்றுவிட்டது. லாகைத் திறந்தால் ஆரக்கிளின் பிழைக் குறியீடு ஓரா-15130: டிஸ்க் குரூப் (தரவுத்தளம் ஒரே இடமாகப் பார்க்கும் டிஸ்க்குகளின் தொகுப்பு) டிஸ்மவுண்ட் ஆகிக்கொண்டிருக்கிறது, அதாவது கழற்றப்படுகிறது. மறுபடி மவுண்ட் செய்து, அதாவது இணைத்துப் பார்த்தோம். ஓரா-15040, டிஸ்க் குரூப் முழுமையாக இல்லை. அதன் கீழே ஓரா-15042 என்ற வரி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒன்றாக, "இந்த எண்ணுள்ள டிஸ்க்கைக் காணவில்லை" என்று அடுக்கடுக்காக வந்திருந்தது. இரண்டாவது பெட்டி பச்சை விளக்கோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நகல் இருந்ததும் உண்மைதான். ஆனால் எந்த நகல் எங்கே இருந்தது என்பதை எங்களில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் போன விஷயத்தின் பெயர் ஃபெயிலியர் குரூப். ஆரக்கிளில் ஏ.எஸ்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆட்டோமேட்டிக் ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட்டை வைத்தே இதை விளக்குகிறேன். தரவுத்தள வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் மாதத்திலேயே இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

டிஸ்க்குகளை ஏன் குழுவாக்க வேண்டும்

தரவுத்தளம் ஒன்று வளர்ந்துகொண்டே போகிறது. ஒரு டிஸ்க்கில் அதற்கு இடம் போதாது, ஒரு டிஸ்க்கின் வேகமும் போதாது. அதனால் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய இடம் போலக் காட்ட வேண்டியிருக்கிறது. அப்படிச் சேர்த்த உடனே ஒரு புதிய ஆபத்தும் கூடவே வருகிறது. பத்து டிஸ்க்கில் தரவைப் பிரித்துப் போட்டால், பத்தில் எது பழுதானாலும் மொத்தமும் கெட்டுப்போகும். டிஸ்க் கூடக் கூட, ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும்.

இதற்கான தீர்வை 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார்கள். இன்று எல்லோரும் சொல்லும் ரெய்டு என்ற பெயர் அதில் வந்ததுதான். விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர், ஒன்று போனாலும் மீட்கும் அளவுக்குக் கூடுதல் தகவலை மற்றவற்றில் வைத்திரு. சாரம் அவ்வளவுதான்.

ஆரக்கிள் இந்த வேலையைத் தரவுத்தளத்தின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தது. 2003-இல் அறிவித்த 10ஜி பதிப்போடு ஏ.எஸ்.எம். வந்தது. சர்வருக்குத் தெரியும் டிஸ்க்குகளை அதனிடம் கொடுத்து "இவை எல்லாம் ஒரு டிஸ்க் குரூப்" என்று சொல்லிவிட்டால், கோப்புகளைச் சிறு துண்டுகளாக்கி எல்லா டிஸ்க்குகளிலும் சமமாகப் பரப்புவதை அதுவே பார்த்துக்கொள்ளும். டிஸ்க்கைச் சேர்த்தாலோ எடுத்தாலோ தரவை நகர்த்தி மறுபடி சமப்படுத்தும். இதற்கு ரீபேலன்ஸ் என்று பெயர். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

டிஸ்க் குரூப்பை உருவாக்கும்போது எத்தனை நகல் வேண்டும் என்று சொல்ல வேண்டும். எக்ஸ்டர்னல் என்றால் ஏ.எஸ்.எம். நகலே எடுக்காது, கீழே இருக்கும் ஸ்டோரேஜ் கருவி தன் ரெய்டால் பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். நார்மல் என்றால் இரண்டு நகல். ஹை என்றால் மூன்று.

நகல் எடுப்பது டிஸ்க்கை அல்ல, துண்டுகளை

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. பழைய முறை மிரரிங்கில் ஒரு டிஸ்க்குக்கு இன்னொரு டிஸ்க் ஜோடி. இடது டிஸ்க்கில் இருப்பது அப்படியே வலது டிஸ்க்கில் இருக்கும். ஏ.எஸ்.எம். அப்படிச் செய்வதில்லை. கோப்பை எக்ஸ்டென்ட் என்ற துண்டுகளாகப் பிரிக்கிறது. துண்டின் அடிப்படை அளவான அலொகேஷன் யூனிட் முதல் பதிப்புகளில் 1 எம்.பி.; தேவைப்பட்டால் 64 எம்.பி. வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முதன்மை நகல், நார்மலில் கூடவே ஓர் இரண்டாம் நகல். இந்த இரண்டும் எந்த இரண்டு டிஸ்க்கில் போகும் என்பது துண்டுக்குத் துண்டு மாறும்.

அதாவது முதல் டிஸ்க்கில் இருக்கும் துண்டு ஒன்றின் நகல் நான்காம் டிஸ்க்கில் இருக்கும். அதே முதல் டிஸ்க்கின் அடுத்த துண்டுக்கு நகல் இரண்டாம் டிஸ்க்கில் இருக்கும். இதில் பெரிய நன்மை உண்டு. முதல் டிஸ்க் பழுதானால், இழந்த நகல்களை மறுபடி உருவாக்கும் வேலையைப் பல டிஸ்க்குகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஜோடி டிஸ்க் ஒன்றே எல்லாச் சுமையையும் இழுத்துக்கொண்டு திணறுவதில்லை. டிஸ்க்குகள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்துவிடுகிறது.

ஆனால் இப்படிப் பரப்பும்போது ஒரு விதி கண்டிப்பாக வேண்டும். ஒரு துண்டின் இரண்டு நகலும் ஒரே விபத்தில் போய்விடக் கூடாது. ஏ.எஸ்.எம். எழுதுகிற விதி இது: ஒரே துண்டின் இரண்டு நகல்களை ஒரே ஃபெயிலியர் குரூப்பில் ஒருபோதும் வைக்க மாட்டேன்.

அப்படியென்றால் ஃபெயிலியர் குரூப் என்பது, ஏதாவது ஒன்று கெட்டால் சேர்ந்தே விழக்கூடிய டிஸ்க்குகளின் கூட்டம். ஒரே பெட்டியில் இருப்பவை, ஒரே கன்ட்ரோலர் வழியாக வருபவை, ஒரே அறையில் இருப்பவை என்று அந்தக் கூட்டத்தை எந்த அளவில் வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளலாம். நார்மலுக்குக் குறைந்தது இரண்டு ஃபெயிலியர் குரூப் வேண்டும், ஹைக்கு மூன்று.

பெயரைப் பார்த்துப் பலர் குழம்புவதுண்டு. டிஸ்க் குரூப் என்பது இடத்துக்கான கூட்டம். தரவுத்தளம் அதைத்தான் பார்க்கிறது. ஃபெயிலியர் குரூப் அதற்குள்ளே இருக்கும் பிரிவு. தரவுத்தளத்துக்கு அது தெரியவே தெரியாது. ஒரு டிஸ்க் எந்த நேரத்திலும் ஒரே ஒரு ஃபெயிலியர் குரூப்பில்தான் இருக்கும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்

எங்களுடைய தவறு இங்கேதான் நடந்தது. டிஸ்க் குரூப்பை உருவாக்கும் கட்டளையில் ஃபெயிலியர் குரூப்பைக் குறிப்பிடாமல் விட்டால் ஏ.எஸ்.எம். தவறு என்று சொல்லாது, எச்சரிக்காது. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ஃபெயிலியர் குரூப்பாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். ஒரு டிஸ்க் மட்டும் பழுதானால் இந்த ஏற்பாடு சரியாகவே தாங்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். எங்களுக்கும் அந்த ஏற்பாட்டில் முன்பு இரண்டு முறை டிஸ்க் பழுதாகி, ஒரு பிரச்சினையும் இல்லாமல் மாற்றியிருக்கிறோம். அதுதான் எங்கள் நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கியது.

பெட்டியே போனால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பெட்டி, பெட்டிக்கு மூன்று டிஸ்க். முதல் பெட்டியில் அ1, அ2, அ3. இரண்டாவதில் ஆ1, ஆ2, ஆ3. எல்லாம் ஒரே அளவு. ஃபெயிலியர் குரூப் எதுவும் சொல்லவில்லை, அதனால் ஆறு டிஸ்க்கும் ஆறு ஃபெயிலியர் குரூப்.

ஒரு துண்டின் இரண்டு நகலும் எந்த இரண்டு டிஸ்க்கில் வேண்டுமானாலும் போகலாம். ஆறிலிருந்து இரண்டை எடுக்க 15 வழிகள். அவற்றில் இரண்டுமே முதல் பெட்டிக்குள் அமையும் வழிகள் மூன்று: அ1-அ2, அ1-அ3, அ2-அ3. பதினைந்தில் மூன்று, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. முதல் பெட்டியை அணைத்த கணத்தில் மொத்தத் தரவில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு இரண்டு நகலும் சேர்ந்தே போய்விடும். மீதி 80 சதவீதம் இருந்து என்ன பயன்? ஓட்டை விழுந்த கோப்போடு தரவுத்தளம் ஓடாது. அதனால் ஏ.எஸ்.எம். டிஸ்க் குரூப்பையே கழற்றிவிடுகிறது. அப்படிச் செய்வது சரியான செயல்தான்; பாதித் தரவை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இப்போது அதே ஆறு டிஸ்க்கை "அ பெட்டியில் இருப்பவை ஒரு ஃபெயிலியர் குரூப், ஆ பெட்டியில் இருப்பவை இன்னொன்று" என்று கட்டளையில் எழுதிக் கொடுத்திருந்தால்? ஒரு நகல் அ பக்கம், இன்னொரு நகல் ஆ பக்கம். வேறு வழியே இல்லை. எந்தப் பெட்டியை அணைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நகல் மிச்சம். டிஸ்க்குகள் அவையேதான், நகல் எண்ணிக்கையும் அதேதான், செலவும் கூடவில்லை. கட்டளையில் இரண்டு பெயர்கள் மட்டும் கூடியிருக்கும்.

அன்று மதியம் எங்கள் மூத்த டி.பி.ஏ. (தரவுத்தள நிர்வாகி) ஒருவர் டிஸ்க் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்தார். டிஸ்க்கின் பெயர் ஒரு நெடுவரிசையில், ஃபெயிலியர் குரூப்பின் பெயர் அடுத்த நெடுவரிசையில். டேட்டா_0000 என்ற டிஸ்க்குக்கு நேரே டேட்டா_0000. டேட்டா_0001-க்கு நேரே டேட்டா_0001. கடைசி வரி வரைக்கும் அப்படியே. பேனாவை எடுத்து இரண்டு நெடுவரிசைக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, "இது இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நாம் எதையும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்பா" என்றார். உங்கள் இடத்தில் இந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தயவுசெய்து இன்றே பாருங்கள்.

மென்பொருளுக்கு ஏன் தானாகத் தெரியாது

இதை ஏ.எஸ்.எம். தானே கண்டுபிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். அதன் கண்ணுக்குத் தெரிவது டிஸ்க்குகளின் வரிசை மட்டும்தான். அ1-உம் அ2-உம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, அந்தப் பெட்டியின் இரண்டு மின்கம்பியும் ஒரே பிளக் வரிசையில் சொருகியிருக்கின்றன, அந்த வரிசை ஒரே யு.பி.எஸ்.-இல் ஓடுகிறது என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? அந்த அறைக்குள் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். ஃபெயிலியர் குரூப் என்பது அந்த மனிதர் மென்பொருளுக்குக் கொடுக்கும் வாக்குமூலம் என்றே நான் நினைக்கிறேன். தவறாகச் சொன்னாலும் அது நம்பிவிடும்.

வீட்டின் இரண்டு சாவியையும் ஒரே கொத்தில் மாட்டிக்கொண்டு போகிறவருக்கு இரண்டாவது சாவியால் பயன் இல்லை. டிஸ்க் விஷயத்தில் அந்தக் கொத்து எது என்று தேடுவதுதான் வேலை. டிஸ்க்கிலிருந்து தொடங்கி கேபிள் வழியாகவே நடந்து பாருங்கள்: டிஸ்க், பெட்டி, கன்ட்ரோலர், ஸ்விட்ச், மின்சாரம், ரேக், அறை, கட்டடம். ஒவ்வொரு படியிலும் "இது போனால் எவையெல்லாம் கூடவே போகும்" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். எல்லாப் படிகளுக்கும் தனித்தனியாகப் பாதுகாப்புக் கட்ட முடியாது; ஒரு டிஸ்க்குக்கு ஒரு ஃபெயிலியர் குரூப் பெயர்தான். எனவே உண்மையில் நடக்கக்கூடியவற்றில் பெரிய படியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு அறைகளில் கருவிகள் இருந்தால் அறையின்படி பிரியுங்கள், ஒரே அறையில் என்றால் பெட்டியின்படி.

டிஸ்க் பழுது என்பது ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக வரும் என்று நினைப்பது பழக்கம். தயாரிப்பாளர்கள் தரும் தாளில் பழுதுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் 10 லட்சம் மணி, 15 லட்சம் மணி என்று இருக்கும். 10 லட்சம் மணி என்பது 114 வருடம். அதைப் பார்த்தால் வருடத்துக்கு நூறில் ஒரு டிஸ்க்கைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. 2007-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும், ரெய்டு கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவரான அதே கார்த் கிப்சனும் உண்மையில் ஓடும் அமைப்புகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வருடத்துக்கு நூறில் இரண்டு முதல் நான்கு டிஸ்க் மாற்றுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 வரை போனது. அதைவிட முக்கியமாக, பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்ற அனுமானம் நிற்கவில்லை.

இதற்கு உச்சமான உதாரணம் 2019 நவம்பரில் வந்தது. ஹெச்.பி.இ. நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு கொடுத்தது. குறிப்பிட்ட சில எஸ்.எஸ்.டி. மாடல்களின் ஃபர்ம்வேரில் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருளில்) ஒரு பிழை; மின்சாரம் ஏற்றி 32,768 மணி நேரம் ஓடியதும் அந்த டிஸ்க் நின்றுவிடும், அதிலுள்ள தரவையும் மீட்க முடியாது. 32,768 என்பது இரண்டின் 15-ஆம் அடுக்கு. நாள் கணக்கில் 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் சொருகிய டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் சாகும். பெட்டிவாரியாகப் பிரித்திருந்தாலும், இரண்டு பெட்டியையும் ஒன்றாக வாங்கி ஒன்றாக இயக்கியிருந்தால் தப்ப முடியாது. சேர்ந்தே விழுவதற்குக் கேபிள் தொடர்பு வேண்டும் என்பதில்லை, பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலே போதும்.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சில கூட்டாளிகள்

ஏ.எஸ்.எம்.-இல் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஒரு டிஸ்க் குரூப்பில் 100 டிஸ்க் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிஸ்க்கின் துண்டுகளுக்கு நகல் மற்ற 99 டிஸ்க்குகளிலும் பரவிக் கிடந்தால், அந்த டிஸ்க் பழுதாகி இன்னும் சரிசெய்யாத நிலையில் இரண்டாவதாக எந்த டிஸ்க் போனாலும் ஏதாவது ஒரு துண்டு முழுதாக இழப்பாகும். எதிலும் ஆபத்து.

அதனால் ஏ.எஸ்.எம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சில கூட்டாளி டிஸ்க்குகளை மட்டும் ஒதுக்குகிறது. கூட்டாளிகள் வேறு ஃபெயிலியர் குரூப்புகளிலிருந்துதான் வருவார்கள். 10ஜியில் இந்த எண்ணிக்கை அதிகபட்சம் 10, பிறகு 8 ஆகக் குறைந்தது. ஒரு டிஸ்க்கின் நகல்கள் அந்த எட்டில் மட்டுமே இருக்கும். இப்போது இரண்டாவது டிஸ்க் போனால், 99-இல் அந்த எட்டில் ஒன்றாக இருந்தால்தான் இழப்பு. மற்ற 91-இல் எது போனாலும் ஓர் எக்ஸ்டென்ட்கூட முழுதாகப் போகாது. எட்டு என்பதால் மீட்பு வேலையும் பங்கிடப்படுகிறது, எட்டோடு நின்றுவிடுவதால் ஆபத்தும் பரவுவதில்லை.

டிஸ்க் காணாமல் போனால் அடுத்து என்ன

ஒரு டிஸ்க்கில் எழுத முடியாமல் போனதும் ஏ.எஸ்.எம். அதை ஆஃப்லைன் ஆக்குகிறது. படிப்பதும் எழுதுவதும் மற்ற நகலில் தொடரும். 10ஜியில் அந்த டிஸ்க்கை உடனே குழுவிலிருந்து தூக்கிவிட்டு ரீபேலன்ஸைத் தொடங்கிவிடும். யாரோ தவறுதலாக ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பச் சொருகினாலும், அதற்குள் டெராபைட் கணக்கில் தரவு நகரத் தொடங்கியிருக்கும்.

11ஜி இதைச் சரிசெய்தது. டிஸ்க் ஆஃப்லைன் ஆனதும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். இயல்பான அளவு அப்போது 3.6 மணி நேரம். அந்த நேரத்தில் எந்தெந்தத் துண்டுகள் மாறின என்று மட்டும் குறித்துக்கொண்டு காத்திருக்கும். டிஸ்க் திரும்பி வந்து அதை ஆன்லைன் ஆக்கினால் மாறிய துண்டுகளை மட்டும் புதுப்பித்தால் போதும். கடிகாரம் முடிந்துவிட்டால்தான் டிஸ்க் தூக்கப்பட்டு ரீபேலன்ஸ் நடக்கும். முழு ஃபெயிலியர் குரூப்பே போனால் அதற்கென்று வேறு கடிகாரம் 12சியில் வந்தது. இயல்பு 24 மணி நேரம். திட்டமிட்ட பராமரிப்பு என்றால் வேலை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று பார்த்து இந்த நேரங்களை முன்கூட்டியே நீட்டி வையுங்கள். பெட்டிக்காரர் இரண்டு மணி நேரம் என்று சொன்னால் நான் எட்டு மணி நேரம் வைப்பேன்.

இடக் கணக்கில் ஒரு பொறி

மூன்று பெட்டி, பெட்டிக்கு 4 டி.பி., பெட்டிக்கு ஒரு ஃபெயிலியர் குரூப், நார்மல். மொத்தம் 12 டி.பி. இரண்டு நகல் என்பதால் 6 டி.பி. தரவு வைக்கலாம் என்று கணக்கிடுவது எளிது. வைக்கவும் முடியும். ஆனால் ஒரு பெட்டி போய்விட்டால், அதிலிருந்த நகல்களை மீதி இரண்டு பெட்டியில் மறுபடி உருவாக்க இடம் வேண்டுமே? அதற்காக மிகப் பெரிய ஃபெயிலியர் குரூப்பின் அளவுக்கு, இங்கே 4 டி.பி., காலியாக வைத்திருக்க வேண்டும். 12-இல் 4 போக 8. இரண்டு நகலுக்கு வகுத்தால் 4. பாதுகாப்பாக வைக்கக்கூடியது 4 டி.பி. தான்.

இந்தக் கணக்கை ஏ.எஸ்.எம். தானே போட்டுக் காட்டும். டிஸ்க் குரூப் பட்டியலில் காலியிடம் என்று ஒரு எண் இருக்கும். அது நகலைக் கழிக்காத எண், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பயன்படுத்தத்தக்க இடம் என்று தனியாக இன்னொரு எண் உண்டு. மேலே சொன்ன குழுவில் 5 டி.பி. தரவு வைத்துவிட்டால் நகலைக் கழிக்காத காலியிடம் 2 டி.பி. இருக்கும். ஒதுக்க வேண்டியது 4. இரண்டிலிருந்து நான்கைக் கழித்து இரண்டால் வகுத்தால் கழித்தல் 1 டி.பி. மைனஸில் வந்த இந்த எண்ணைப் பார்த்துப் பதறி எனக்குப் ஃபோன் செய்தவர்கள் உண்டு. தரவு எதுவும் கெடவில்லை, எழுதுவதும் நிற்காது. ஒரு பெட்டி போனால் மறுபடி இரண்டு நகல் உருவாக்க இடம் போதாது என்பதுதான் அதன் செய்தி. கண்டுகொள்ளாமல் விடக் கூடாத செய்தி.

ஃபெயிலியர் குரூப்புகளின் அளவும் ஏறத்தாழ சமமாக இருக்கட்டும். இரண்டே பெட்டி, ஒன்று 6 டி.பி., இன்னொன்று 2 டி.பி. என்றால் 2 டி.பி. தரவுக்குமேல் நகலோடு வைக்க முடியாது. பெரிய பெட்டியில் 4 டி.பி. சும்மா கிடக்கும்.

மூன்றாவது ஏன் வேண்டும்

நார்மலுக்கு இரண்டு ஃபெயிலியர் குரூப் போதும் என்று கையேடு சொல்லும். ஆனால் இரண்டில் ஒன்று போனால் ஒற்றை நகலோடுதான் ஓட வேண்டும். இரண்டாம் நகலை வைக்க வேறு ஃபெயிலியர் குரூப்பே இல்லை. மூன்று இருந்தால் மீதி இரண்டுக்குள் நகல்களை மறுபடி கட்டிக்கொள்ளலாம். பணம் இருந்தால் மூன்று வையுங்கள் என்பதே என் கருத்து.

பல சர்வர்கள் சேர்ந்து ஒரே தரவுத்தளத்தை ஓட்டும் ஆர்.ஏ.சி. கிளஸ்டர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்று முடிவு செய்ய வோட்டிங் கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சர்வரும் பாதிக்கு மேற்பட்ட வோட்டிங் கோப்புகளைப் பார்க்க முடிய வேண்டும். நார்மல் டிஸ்க் குரூப்பில் வைத்தால் மூன்று கோப்புகள், ஒவ்வொன்றும் தனி ஃபெயிலியர் குரூப்பில். இரண்டு கட்டடம் மட்டும் இருந்தால் ஒரு கட்டடத்தில் இரண்டு கோப்பு விழுந்துவிடும். அந்தக் கட்டடம் போனால் மற்றதும் நின்றுவிடும். இதற்காக 11ஜி இரண்டாம் வெளியீட்டில் குவோரம் ஃபெயிலியர் குரூப் வந்தது. அதில் பயனர் தரவு இருக்காது. வோட்டிங் கோப்பு போன்ற சின்ன விஷயங்கள் மட்டும். மூன்றாவது ஓர் இடத்தில் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் ஒரு சாதாரண என்.எஃப்.எஸ். சர்வரில் சில நூறு எம்.பி. இருந்தால் போதும். பெரிய செலவில் இரண்டு கட்டடம் எழுப்பி, இந்தச் சின்ன மூன்றாவதை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

தரவுத்தள சர்வர்களையும் ஸ்டோரேஜ் சர்வர்களையும் சேர்த்தே ஆரக்கிள் தரும் எக்ஸாடேட்டாவில் ஃபெயிலியர் குரூப்பை நீங்கள் யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு ஸ்டோரேஜ் சர்வரும் தானாகவே ஒரு ஃபெயிலியர் குரூப். சர்வர்களை ஒவ்வொன்றாக அணைத்து பேட்ச் போடும்போது தரவுத்தளம் ஓடிக்கொண்டே இருக்க இதுதான் வழி. ஆனால் நார்மலில், ஒரு சர்வர் பேட்சுக்காக வெளியே இருக்கும் அந்த நேரத்தில் அதன் நகல்களுக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. அப்போது கூட்டாளி டிஸ்க் ஒன்று பழுதானால் கதை முடிந்தது. முக்கியமான தரவுக்கு ஹை வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இதே யோசனை ஆரக்கிளுக்கு வெளியேயும் இருக்கிறது. பெருந்தரவைப் பல சர்வர்களில் பரப்பி வைக்கும் ஹடூப்பின் கோப்பு அமைப்பு மூன்று நகலில் இரண்டை வேறொரு ரேக்கில் வைக்கும். செஃப் என்ற ஸ்டோரேஜ் மென்பொருளில் நகல்களை சர்வர்வாரியாகப் பிரிப்பதா ரேக்வாரியாகவா என்று நீங்களே விதி எழுதலாம். பெயர்கள் மாறும். ஹடூப்பிலும் எந்த சர்வர் எந்த ரேக்கில் இருக்கிறது என்று மனிதர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் எல்லாம் ஒரே ரேக் என்று அது எடுத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒரு அட்டவணையைத் தவறுதலாக அழித்தால் அது எல்லா நகலிலும் அழியும். பேக்கப் தனி.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மறுபடி இயக்கியதும் எல்லா டிஸ்க்கும் தெரிந்தன, டிஸ்க் குரூப் மவுண்ட் ஆனது, தரவுத்தளம் தன் மீட்பு வேலையை முடித்துத் திறந்தது. தரவு எதுவும் போகவில்லை. ஆனால் இருக்கும் டிஸ்க்கின் ஃபெயிலியர் குரூப்பை ஒரு கட்டளையில் மாற்றிவிட முடியாது. டிஸ்க்கைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டும், ரீபேலன்ஸ் முடியும் வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் சரியான பெயரோடு திரும்பச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இதேதான். பகலில் தரவுத்தளத்தின் வேகம் குறையக் கூடாது என்பதால் இரவுகளில் மட்டும் செய்தோம். முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. தொடக்கத்திலேயே இரண்டு பெயர்கள் எழுதியிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

முடித்த பிறகு டிஸ்க் பட்டியலை மறுபடி அச்செடுத்தார்கள். இந்த முறை இரண்டாவது நெடுவரிசையில் பெட்டி1, பெட்டி2 என்று இரண்டே பெயர்கள்தான். அடுத்த சனிக்கிழமை இரவு, எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, கடிகாரத்தை எட்டு மணி நேரத்துக்கு நீட்டிவிட்டு, முதல் பெட்டியை வேண்டுமென்றே அணைத்தோம். நாலைந்து பேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பெட்டியின் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக ஆஃப்லைன் என்று மாறின. ஒரு பெண் அலுவலர் தொடர்ந்து ஒரே குவெரியை ஓட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை சில நொடிகள் தயங்கி, பிறகு பதில் வந்தது. அதற்கடுத்தும் வந்தது. இருபது நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, பெட்டியை இயக்கி, டிஸ்க்குகளை ஆன்லைன் ஆக்கினோம். மாறிய துண்டுகளை மட்டும் புதுப்பித்து முடிக்க அதற்குச் சில நிமிடங்களே ஆயின. அப்புறம் இரண்டாவது பெட்டியை அணைத்தோம்.